ரயிலும் சட்டியும் இசையான கதை

1948-ஆம் ஆண்டு மே மாதம். பாரிஸ் நகரத்துப் பத்தின்யோல் ரயில் நிலையத்துக்கு பிரெஞ்சு வானொலியின் பொறியியலாளர் ஒருவர் ஒலிப்பதிவு வண்டியோடு வந்து சேர்ந்தார். பெயர் பியேர் ஷேஃபர். வயது 37. அங்கே நின்றிருந்த நீராவி எஞ்சின்களின் ஓட்டுநர்களிடம் அவர் ஒரு விசித்திரமான வேண்டுகோள் வைத்தார். ஒருவர் விசில் ஊதணும், அடுத்தவர் அதற்குப் பதில் சொல்வதுபோல ஊதணும், அவ்வளவுதான். ஓட்டுநர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஊதிக் கொடுத்தார்கள். பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம், தண்டவாளத்தின் தடதடப்பு எல்லாவற்றையும் இசைத்தட்டில் பதிந்துகொண்டு ஷேஃபர் வானொலி நிலையத்துக்குத் திரும்பினார்.

அந்த ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி, ‘ஓசைகளின் கச்சேரி’ என்ற பெயரில் ஐந்து சிறு படைப்புகள் பிரெஞ்சு வானொலியில் ஒலித்தன. முதலாவது, ரயிலோசைகளால் ஆனது. ஏறத்தாழ மூன்று நிமிடம். மற்றொன்றில் சமையலறைச் சட்டிகள் உருளும் சத்தம் இருந்தது. பாடகர் இல்லை, வாத்தியக் குழுவும் இல்லை. கேட்டவர்களில் பலர் வானொலிப் பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைத்திருந்தால்கூட ஆச்சரியப்பட முடியாது.

இன்று மின்னொலி இசை என்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் துறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது முழு உண்மை இல்லை. அதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் இந்த இசையின் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வழக்கமான இசையில் இசையமைப்பாளரின் மனத்தில் ஒரு மெட்டு பிறக்கிறது. அதைச் சுரமாக எழுதுகிறார். வாசிப்பவர் அதற்கு உயிர் கொடுக்கிறார். ஒலி கடைசியில்தான் வருகிறது. ஷேஃபர் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் ஒலி, கதவு, ரயில், சட்டி என்று ஏற்கெனவே உலகத்தில் உள்ள ஒலி. அதைக் கேட்டு, வெட்டி, ஒட்டி, வேகம் மாற்றி அதிலிருந்து இசையைத் தேடுவது. எண்ணத்திலிருந்து தொடங்குவது அருவம் என்றால், கையில் கிடைத்த ஒலியிலிருந்து தொடங்குவது உருவம். அதனால் இதற்கு ‘மியூசிக் கோன்கிரேத்’ என்று பெயர் வைத்தார். நம் ஊரில் கான்கிரீட் என்றதும் சிமெண்டுதான் நினைவுக்கு வரும். பருப்பொருள் இசை என்று சொன்னால் ஓரளவு பொருள் பிடிபடும்.

சரி, ஷேஃபருக்கு முன்னால் யாருமே செய்யவில்லையா? செய்தார்கள். ஜெர்மனியில் வால்ட்டர் ருட்மன் என்ற திரைப்பட இயக்குநர் 1930-இல் ‘வார இறுதி’ என்றொரு படைப்பை உருவாக்கினார். படச்சுருளில் படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் பதிந்து, பெர்லின் நகரத்தின் வேலை நாள் முடிந்து ஓய்வு நாள் வருவதைச் சுமார் பதினொரு நிமிடத்தில் கேட்க வைத்தார். படமே இல்லாத சினிமா அது.

அதைவிட முக்கியமானது கெய்ரோவில் நடந்தது. ஷேஃபருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1944-இல், ஹலிம் எல்-தாப் என்ற வேளாண்மைப் பொறியியல் மாணவர் அங்கிருந்த வானொலி நிலையத்திலிருந்து ஒரு கம்பி ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கினார். ஒலிநாடா பரவலாகாத காலம். மெல்லிய எஃகுக் கம்பியில் காந்தமுறையில் ஒலியைப் பதிவார்கள். அந்தக் கருவியோடு அவர் ‘ஸார்’ சடங்குக்குப் போனார். உடம்பைப் பிடித்த ஆவியைச் சாந்தப்படுத்தப் பெண்கள் பாடி ஆடும் சடங்கு அது. நம் ஊர்க் கோயில்களில் உடுக்கையடித்துச் சாமியழைப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூழல் அந்நியமாக இருக்காது.

எல்-தாப் அந்தப் பதிவை வானொலி நிலையத்துக்குக் கொண்டுவந்து என்ன செய்தார் என்பதுதான் விஷயம். ஒரு குரலில் அடிச்சுருதி ஒன்று இருக்கும். அதன் மேலே நுண்ணிய துணைச் சுரங்கள் பல மிதக்கும். அவர் அடிச்சுருதியை மங்கச் செய்து துணைச் சுரங்களை மட்டும் எஞ்ச வைத்தார். நகர்த்தக்கூடிய சுவர்கள் கொண்ட எதிரொலி அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிந்தார். பெண்களின் குரல் தொலைவில் அலையும் காற்றைப்போல ஆனது. அதே ஆண்டு கெய்ரோவில் ஒரு கலைக்கூடத்தில் அதை ஒலிபரப்பினார். இன்று கேட்கக் கிடைப்பது அதில் சுமார் இரண்டு நிமிடம்தான். குறுந்தட்டில் வெளிவர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அவர் பிறகு அமெரிக்கா போய்ப் பேராசிரியராகி 2017-இல் மறைந்தார்.

பாரிஸில் நடந்தது வரலாறாகவும் கெய்ரோவில் நடந்தது அடிக்குறிப்பாகவும் ஆனதற்குக் காரணம் திறமை அல்ல என்று நினைக்கிறேன். ஷேஃபருக்குப் பின்னால் ஒரு நாட்டின் வானொலி நிறுவனம் இருந்தது. ஒலிக்கூடமும் சம்பளமும் ஒலிபரப்பும் இருந்தன. தாம் செய்ததை நாட்குறிப்பாக எழுதிவைத்து 1952-இல் புத்தகமாகவும் வெளியிட்டார். எல்-தாப்பிடம் இருந்தது இரவல் கருவி ஒன்று. அந்தச் சடங்கில் பாடிய பெண்களோ பெயரே இல்லாமல் போனார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரலாறு முழுக்க இந்தக் கேள்வி கூடவே வரும். பதிவு செய்த ஒலி யாருடையது?

மறுபடி பாரிஸ். ஷேஃபரின் பெற்றோர் இருவருமே இசைக்கலைஞர்கள். அப்பா வயலின், அம்மா பாட்டு. மகனோ பொறியியல் படித்து வானொலியில் சேர்ந்தார். போர்க்காலத்தில் அவர் அமைத்த சோதனை ஒலிக்கூடம், 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலை பெற்றபோது சுதந்திர வானொலியின் குரலாக ஒலித்தது. அந்தக் கூடத்தில்தான் அவருடைய ஓசைத் தேடலும் தொடங்கியது.

அவர் கையில் அப்போது ஒலிநாடா கிடையாது. இசைத்தட்டில் பள்ளம் கீறித்தான் பதிய வேண்டும். இசைத்தட்டில் கீறல் விழுந்தால் முள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு பாடியதையே பாடும், பழைய ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தொல்லையாக இருந்த அதை ஷேஃபர் வேண்டுமென்றே செய்தார். பள்ளத்தைச் சுருளாகக் கீறாமல் வட்டமாக மூடிவிட்டார். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டில் ஒரு சுற்று முக்கால் விநாடிக்குச் சற்றே கூடுதல். அந்த முக்கால் விநாடி ஒலி திரும்பத் திரும்ப வந்தால் என்ன ஆகும்? முதல் சில தடவை ‘ரயில்’ என்று கேட்கும். இருபதாவது தடவை ரயில் மறைந்துவிடும். தாளம் மட்டும் நிற்கும். இன்று கணினியில் இசை செய்யும் பிள்ளைகள் ‘லூப்’ என்று சொல்வதன் தாத்தா இதுதான்.

இன்னொரு சோதனை மணியோசை. மணியை அடித்ததும் எழும் ‘ணங்’ என்ற முதல் அதிர்ச்சியை வெட்டிவிட்டு, பிறகு வரும் கார்வையை மட்டும் பதிந்தார். அது மணியாகவே கேட்கவில்லை. ஊதுகருவி போலக் கேட்டது. ஒரு ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிப்பதில் அந்த முதல் கண நேரத்துக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பது இதனால் தெரிந்தது. வல்லின எழுத்துகளைச் சொல்லித் தரும் நமக்கு இது புதிதில்லை. ‘க’வையும் ‘ட’வையும் பிரித்துக் காட்டுவது தொடக்கத்தில் வரும் அந்தச் சிறு வெடிப்பு, அதற்குப் பின் ஒலிப்பது ஒரே ‘அ’தானே.

ரயிலோசை விஷயத்தில் அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. எஞ்சின் கிளம்புகிறது, வேகம் பிடிக்கிறது, நிற்கிறது என்று அடுக்கினால் அது கதை. வானொலி நாடகத்தின் பின்னணி. இசை ஆக வேண்டுமென்றால் கேட்பவர் ரயிலை மறக்க வேண்டும் என்று ஷேஃபர் தீர்மானித்தார். ஒலியை அது எதனுடையது என்று கேட்காமல், ஒலியாக மட்டும் கேட்கும் ஒரு பழக்கத்தை அவர் வாழ்நாள் முழுக்க வலியுறுத்தினார். கிரேக்க அறிஞர் பித்தாகரஸ் திரைக்குப் பின்னாலிருந்து பாடம் நடத்துவார், மாணவர்கள் முகம் பார்க்காமல் குரலை மட்டும் கேட்பார்கள் என்று ஒரு மரபுக் கதை உண்டு. வானொலிதான் இந்தக் காலத்துத் திரை என்றது ஷேஃபரின் வட்டம். 1966-இல் அவர் வெளியிட்ட பெரிய நூல் ஒலிகளை அவற்றின் தன்மையை வைத்து வகைப்படுத்துகிறது: சொரசொரப்பா வழுவழுப்பா, கனமா மெலிவா, நீள்கிறதா சட்டென்று அறுகிறதா.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் இரட்டைக்கிளவிதான் நினைவுக்கு வந்தது. ‘சலசல’ என்றால் ஓடையும் ஆகலாம், அரச இலையும் ஆகலாம். ‘கலகல’ சிரிப்புக்கும் வரும், வளையலுக்கும் வரும். அந்தச் சொல் பொருளைச் சொல்வதில்லை, ஒலியின் தன்மையைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. ஷேஃபர் நூற்றுக்கணக்கான பக்கம் எழுதிச் செய்ய முயன்ற வேலையை நம் மொழி எப்போதோ செய்துவிட்டது என்று பெருமையடிக்கத் தேவையில்லை; அவர் நோக்கம் வேறு, அளவு வேறு. ஆனால் ஆண்டு 3 பிள்ளைகளுக்கு இரட்டைக்கிளவி நடத்தும்போது பொருளை மனனம் செய்ய வைக்காமல் ஒலியைக் கேட்க வைத்துத் தொடங்கலாமே.

1949-இல் பியேர் ஆன்றி என்ற இளம் இசைக்கலைஞர் ஷேஃபரோடு சேர்ந்தார். இருவரும் சேர்ந்து செய்த ‘தனி மனிதனுக்கொரு சிம்பொனி’ 1950 மார்ச்சில் அரங்கேறியது. மூச்சு, காலடி, சிரிப்பு, முணுமுணுப்பு எல்லாம் அதில் உண்டு. விரைவில் ஒலிநாடா வந்தது. கத்தரிக்கோலால் வெட்டி ஒட்ட முடிந்தது. அதன்பின் வேலை பல நாடுகளுக்கும் பரவியது. ஜெர்மனியின் கொலோன் வானொலியில் வேறொரு கூட்டம், உலகத்து ஓசையே வேண்டாம், மின்கருவி எழுப்பும் தூய ஒலியே போதும் என்று நின்றது. இரு தரப்பும் சில காலம் முறைத்துக்கொண்டன. பிறகு இரண்டையும் கலந்து செய்யத் தொடங்கியபோதுதான் மின்னொலி இசை என்ற பொதுப்பெயர் பொருந்தி வந்தது. எட்கார் வரேஸ் தம் படைப்பில் அமெரிக்க ஆலைகளில் பதிந்த ஓசைகளை வாத்தியக் குழுவோடு இணைத்தார். 1954 டிசம்பரில் பாரிஸ் அரங்கில் அது ஒலித்தபோது கூச்சலும் குழப்பமுமாகிவிட்டது.

அந்தக் காலத்து இரண்டு படைப்புகளைப் பள்ளியில் போட்டுக் காட்டலாம். ஒன்று, கனடாவின் ஹியூ லெ கேன் 1955-இல் செய்தது. அவர் தொழிலில் இயற்பியலாளர். ஒரே ஒரு நீர்த்துளி விழும் ஓசையைப் பதிந்து, தாமே செய்த கருவியில் அதன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒரு சிறு இசையாக்கிவிட்டார். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒற்றைச் சொட்டிலிருந்து மழையே பெய்ய வைத்தார். மற்றொன்று, 1958 பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் ஒலித்தது. இயானிஸ் செனாகிஸ் எரியும் கரியின் ‘படபட’ வெடிப்பைப் பதிந்து துணுக்குகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். சாத்தே அடுப்பில் கேட்கும் சத்தம்தான். அவர் கையில் கண்ணாடித் தூள் மழையாகிறது.

இந்தப் படைப்புகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மூலம் மறைக்கப்படுகிறது. துளி, கரி, ரயில் எதுவானாலும் அடையாளம் அழிந்தால்தான் இசை என்ற நம்பிக்கை. அதை உடைத்தவர் லூக் ஃபெராரி. அவரும் ஷேஃபரின் ஆய்வுக்குழுவில் இருந்தவர்தான். 1960-களின் இறுதியில் அப்போதைய யுகோஸ்லாவியாவின், இன்றைய குரோவேஷியாவின், கோர்ச்சுலா தீவில் வேலா லூக்கா என்ற மீனவர் ஊரில் தங்கியிருந்தார். தினமும் விடியுமுன் எழுந்து ஜன்னலோரம் ஒலிவாங்கியை வைத்து ஊர் விழிப்பதைப் பதிந்தார். படகு எஞ்சினின் முதல் உறுமல், கழுதை, குழந்தைகள், யாரோ ஒரு பெண்ணின் பாட்டு, வெயில் ஏற ஏறச் சிள்வண்டு. பல விடியல்களிலிருந்து தேர்ந்தெடுத்து 21 நிமிட விடியல் ஒன்றை அமைத்தார். ஒலியை உருமாற்றவில்லை. வெட்டியது தெரியாமல் வெட்டியதுதான் அவர் வேலை. கடைசியில் சிள்வண்டுச் சத்தம் வளர்ந்து எல்லாவற்றையும் மூடி, சட்டென்று அறுகிறது. 1970-இல் வெளிவந்த அந்தப் படைப்புக்கு அவர் வைத்த பெயரின் பொருள், ‘கிட்டத்தட்ட ஒன்றுமில்லை’.

குழுவில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். இது இசையே இல்லை என்றார்கள். அவர்கள் கணக்குப்படி அது சரிதான். ரயிலை மறக்கடிக்க இருபது ஆண்டு பாடுபட்ட இடத்தில் ஒருவர் மீனவ ஊரை மீனவ ஊராகவே கொண்டுவந்து வைக்கிறார். நான் ஃபெராரியின் பக்கம். ஷேஃபரின் ரயிலைக் கேட்கும்போது காது கூர்மையாகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலா லூக்காவைக் கேட்கும்போது அந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். ஷேஃபரே பிற்காலப் பேட்டி ஒன்றில், தம் தேடல் இசையாக வெற்றி பெறவில்லை என்று மனம் திறந்து சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கனடாவில் இன்னொரு ஷேஃபர் இருந்தார்: மர்ரே ஷேஃபர். இருவருக்கும் உறவில்லை. கனடா ஷேஃபர் இசையமைப்பாளர் மட்டும் அல்லர், நம்மைப்போல வகுப்பறை ஆள். 1967-இல் ‘காது துப்புரவு’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு பாடக்குறிப்பு நூல் வெளியிட்டார். அதற்கும் பிறகு நூறு கேட்டல் பயிற்சிகளைத் தொகுத்தார். அவருடைய பயிற்சிகளில் ஒன்று புகழ்பெற்றது: ஒரு தாளை வகுப்பு முழுக்கக் கைமாற்ற வேண்டும், சத்தமே வரக்கூடாது. செய்து பாருங்க; எந்த முரட்டு வகுப்பும் அடங்கிப்போகும்.

வான்கூவர் அருகில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய உலக ஒலிச்சூழல் திட்டம், 1973-இல் வான்கூவர் நகரத்தின் ஒலிகளை இசைத்தட்டாக வெளியிட்டது. அங்கே பூங்கா ஒன்றில் தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பீரங்கி வெடிக்கும். கோயில் கோபுரம் ஓர் ஊருக்குக் கண் அடையாளம் என்றால், அந்தப் பீரங்கி காது அடையாளம். அப்படிப்பட்ட ஒலிகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். 1975-இல் அந்தக் குழு ஐரோப்பாவுக்குப் போய் சுவீடன், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய இடங்களில் ஆளுக்கொன்றாக ஐந்து கிராமங்களைப் பதிந்தது. 2000-ஆம் ஆண்டுவாக்கில் பின்லாந்து ஆய்வாளர்கள் அதே ஐந்து கிராமங்களுக்கும் திரும்பிச் சென்று மறுபடி பதிந்தார்கள்.

அந்தக் கனடாக் குழுவில் வளர்ந்தவர் ஹில்டிகார்ட் வெஸ்டர்காம்ப். ஜெர்மனியில் பிறந்து 1968-இல் கனடாவுக்குக் குடியேறியவர். 1989-இல் அவர் செய்த பத்து நிமிடப் படைப்பு ஒன்று, நான் இதுவரை சொன்ன சண்டைக்கெல்லாம் ஒரு வழி காட்டுகிறது. வான்கூவர்க் கடற்கரையில் காலை நேரம். பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு எனும் சிறு உயிரிகள் ‘சிக் சிக்’ என்று நுண்ணொலி எழுப்புகின்றன. பின்னால் நகரத்தின் இரைச்சல் அதை அமுக்குகிறது. பதிவின்மேல் வெஸ்டர்காம்ப் தம் குரலில் பேசுகிறார். ஒலிக்கூடத்தில் நகரத்தின் ஒலியை என்னால் கூட்ட முடியும், குறைக்க முடியும், வடிகட்டி எறியவும் முடியும் என்று சொல்லிக்கொண்டே செய்து காட்டுகிறார். நகரம் மறைகிறது. சிற்றொலிகள் மட்டும் மிஞ்சுகின்றன. அதிலிருந்து கனவுக்குள் போகிறார். முடிவில் நகரத்துக்கே திரும்புகிறார். ஒலியை மாற்றவும் செய்கிறார், மாற்றியவர் யார் என்பதையும் மறைக்கவில்லை.

1992-இல் புதுடில்லிக்கு ஒலிச்சூழல் பயிலரங்கு நடத்த வந்த அவர், அதற்குப் பின்னும் வந்து அங்கே பதிந்தார். தெருவில் காய்கறி விற்பவர்களின் கூவல், வாகன ஹாரன் எல்லாம் அவருடைய 1997-ஆம் ஆண்டுப் படைப்பில் வருகின்றன. தலைப்பையே ‘வேற்றிடம் ஒன்றின் ஒலிப்பரப்புக்கு அடியில் மெல்ல நுழைவது’ என்ற பொருளில் வைத்தார். தாம் வெளியாள் என்பதைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டு நுழைகிறார். கெய்ரோப் பெண்களின் குரல் காற்றாய்க் கரைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, டில்லி வியாபாரியின் கூவல் கூவலாகவே நிற்கிறது. ஆனாலும் அந்த வியாபாரியின் பெயர் நமக்குத் தெரியாது என்பதும் உண்மை.

ஆசிரியர்களே, வகுப்பில் இதைச் செய்து பார்க்க நினைத்தால் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைப்பேசி போதும். ஓய்வு நேர மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பும் இரண்டு நிமிடம் பின்பும் பதிந்து, முதலில் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். என்ன கேட்டது என்று பொருள்களின் பட்டியல் வரும்: கரண்டி, நாற்காலி, காலணி. இரண்டாம் முறை, பொருளின் பெயர் சொல்லாமல் ஒலியை மட்டும் விவரிக்கச் சொல்லுங்கள். அங்கேதான் சொற்களஞ்சியம் திக்கித் திணறும். இரட்டைக்கிளவி தானாக வந்து உட்காரும், இல்லாவிட்டால் பிள்ளைகளே புதிதாக ஒன்றை உண்டாக்குவார்கள். பதிவில் சிற்றுண்டிச்சாலை அக்காவின் குரலோ பாதுகாவலர் ஐயாவின் குரலோ இருந்தால், அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்பதையும் பிள்ளைகளையே செய்ய வையுங்கள். கோப்பில் தேதி, நேரம், இடம், குரல் கொடுத்தவர் பெயர் நான்கையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில், அதே இடத்தில் நின்று இன்னொரு முறை பதியலாம்.